ரோட்டுக்கும் மண்ணுக்கும் ஒரே டயர்: எக்ஸ்பல்ஸுக்கு எதைப் போடுறது?

ஜூலை 9, உசிலம்பட்டித் தம்பி ஒருத்தர் கேட்டது

அண்ணே, ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 பைக் வச்சிருக்கேன். பின்டயர் நடுவுல பட்டன், அதான் டயர் மேல துருத்தி நிக்கிற ரப்பர் கட்டி, தேஞ்சு மொட்டையாகப் போகுது. தினமும் உசிலம்பட்டியிலருந்து மதுரைக்கு வேலைக்குப் போய் வர்றேன். ஞாயித்துக்கிழமை தோட்டத்துக்குப் போவேன், இல்லேன்னா மல்லப்புரம் மலைப்பாதை. ரோட்டுக்குப் பாதி மண்ணுக்குப் பாதின்னு விக்கிற 50-50 போடுறதா, ரோட்டுக்கு எண்பது மண்ணுக்கு இருபதுன்னு விக்கிற 80-20 போடுறதா? கூட்டாளிக பூராம் பெரிய பட்டன் போடுன்னு சொல்றாங்க. மண்ணுலயும் ரோட்டுலயும் தினம் ஓட்டுறவங்க சொல்லுங்க.

ஜூலை 9

நான் ஓட்டுறேன், சொல்றேன். சொட்டுநீர் குழாய் போடுற வேலை. வீடு திருநகர். வாரத்துல அஞ்சு நாள் கள்ளிக்குடி, டி.கல்லுப்பட்டி, பேரையூர்னு தோட்டம் தோட்டமா அலையிறேன். அதே வண்டிதான். முன்னாடி 90/90-21, பின்னாடி 120/80-18, ரெண்டுமே ட்யூப். இப்ப ரெண்டு சக்கரத்துலயும் பெரிய பட்டன் போட்டு நாலு மாசமாச்சு. சரளையில கடிச்சுப் பிடிக்குது, உழவு காட்டுல கூட நேரா போகுது. கண்ணை மூடிக்கிட்டு 50-50 போடு.

ஜூலை 9, ராத்திரி

சாப்பிட்டுட்டு உக்காந்து யோசிச்சேன். உன் ஓட்டத்தைக் கேக்காமலே பதில் சொல்லிட்டேன், அது தப்பு. உசிலம்பட்டி மதுரை போக வர 80 கிலோமீட்டர்னு வச்சுக்க. ஆறு நாளைக்கு 480. ஞாயித்துக்கிழமை 40 ஓட்டினா அதுல மண்ணு 15 இருக்குமா? 520-க்கு 15. நூத்துக்கு மூணு. அந்த மூணுக்காக மிச்சம் தொண்ணூத்தேழையும் பெரிய பட்டன் மேல ஓட்டப் போற.

ஜூலை 10

கணக்கு மட்டும் போட்டா போதுமான்னு காலையில இன்னொருத்தர் கேட்டிருக்காரு. கேள்வி நியாயமானது. நூத்துக்கு மூணுதான்னாலும் அந்த மூணுல விழுந்தா விழுந்ததுதான். ஆனா 50-50, 80-20ங்கிறதுக்குப் பொதுவா ஒரு அளவுகோல் கிடையாது. ஒவ்வொரு கம்பெனியும் தன் டயருக்குத் தானே போட்டுக்கிற பேர் அது. ஒருத்தரோட 60-40 இன்னொருத்தரோட 80-20 மாதிரி இருக்கும். டயரைக் கையில எடுத்து, பட்டனுக்கும் பட்டனுக்கும் நடுவுல எம்புட்டு இடம் விட்டிருக்குன்னு பாரு. விரல் முழுசா உள்ள போச்சுன்னா அது மண்ணு டயர். நகம் மட்டும் போச்சுன்னா ரோட்டு டயர். கடைக்காரர் என்ன பேர் சொன்னாலும் சரி.

அதுக்கப்புறம் பட்டனை ரெண்டு விரலால பிடிச்சு ஆட்டிப் பாரு. உசரமான பட்டன் வளையும். ரோட்டுல 70, 80-ல போறப்ப ஒவ்வொரு சுத்துக்கும் அது அப்படித்தான் வளைஞ்சு நிமிருது. அதுலதான் சூடாகுது, தேயுது, உறுமுது.

ஜூலை 16

பிராண்டு சொல்லுங்கன்னு நாலு பேர் கேட்டாச்சு. சொல்ல மாட்டேன். ஒரே பிராண்டுல ஒரு மாடல் நல்லாயிருக்கும், பக்கத்து மாடல் நம்ம வேலைக்கு ஆகாது. மேலூர் ரோட்டுல வெள்ளரிப்பட்டியில டிவிஎஸ் ஸ்ரீசக்ரா ஆலையிலயே டயர் தயாராகுது, யூரோகிரிப்னு அவங்க விக்கிறதுலயும் ரோட்டுக்கு ஒண்ணு மண்ணுக்கு ஒண்ணுன்னு தனித்தனியாத்தான் இருக்கு. அதனால பக்கவாட்டுல இருக்கிற எழுத்தைப் படிக்கக் கத்துக்க. பிராண்டு பேர் தெரியிறதை விட அது உதவும்.

120/80-18 62டி-ன்னு போட்டிருந்தா, 120 மில்லிமீட்டர் அகலம், உசரம் அந்த அகலத்துல 80 சதவீதம், 18 அங்குல ரிம்முக்கு. 62ங்கிறது எடைக் குறியீடு, 265 கிலோ வரைக்கும் தாங்கும். முன்டயர்ல 54ன்னு இருந்தா 212 கிலோ. டி-ங்கிறது வேகம், மணிக்கு 190. எஸ் 180, பி 150. நம்ம வண்டி அந்த வேகத்துக்குப் போகாது, அதனால வேக எழுத்தைப் பத்தி எனக்குக் கவலை இல்ல. எடை எண்ணைத்தான் பாக்குறேன். வண்டி எடையில பாதி, ஆளு எடையில பெரும்பகுதி, பின்னாடி கட்டுற குழாய்ச் சுருள் முழுசும் பின்சக்கரத்து மேலதான் உக்காருது.

அடுத்து நீள்வட்டத்துக்குள்ள நாலு இலக்கம். 2319ன்னா 2019-ம் வருஷம் 23-வது வாரம் செஞ்சது. 21 இஞ்ச் டயர் நம்ம ஊர்ல மெதுவாத்தான் விக்கும், கடையில பழசு கிடக்கும். விலை குறைச்சுத் தர்றேன்னா முதல்ல இந்த நம்பரைப் பாரு. எனக்கு ஒரு தடவை நாலு வருஷத்துச் சரக்கைக் கொடுத்துட்டாங்க. பாக்கப் புதுசு, பட்டன்ல முள்ளு முள்ளா முடி கூட இருந்துச்சு. ஆனா நகத்தை வச்சு அழுத்தினா அழுந்தல, கட்டையா இருந்துச்சு. அதை நான் கவனிச்சது வீட்டுக்கு வந்த பிறகு. ஈர ரோட்டுல அந்த டயர் கடைசி வரைக்கும் என்னைப் பயமுறுத்திக்கிட்டே இருந்துச்சு.

தேய்மானத்தைக் காட்டுற டிடபிள்யூஐ-ங்கிற எழுத்து டயர்ல சின்னதா இருக்கும்னு போன பத்தியில சேக்க நினைச்சு விட்டுட்டேன். அந்த எழுத்துக்கு நேரா பள்ளத்துக்குள்ள ஒரு சின்ன மேடு தெரியும். பட்டன் தேஞ்சு அந்த மேட்டுக்குச் சமமா வந்துட்டா டயர் முடிஞ்சுது. தம்பி, உன் பின்டயரை அதுல பாத்துட்டுச் சொல்லு.

ஜூலை 17

130 அகலம் போட்டா கெத்தா இருக்குமான்னு ஒரு கேள்வி. போடாதீங்க. ரிம் அகலம் அப்படியேதான் இருக்கும். அகல டயரை ஒடுங்கின ரிம்முல மாட்டினா ஓரம் உள்ள வளைஞ்சு நடு மட்டும் மேல தூக்கும். தரையில படுறது கூடாது, குறையும். செயின்ல உரசவும் வாய்ப்பிருக்கு.

ஆகஸ்ட் 3

இன்னைக்குச் சீமைக் கருவேலம். இதைப் பத்தி எழுதாம நம்ம பக்கத்துல டயரைப் பத்தி எழுத முடியாது. அகத்தணும்னு ஐகோர்ட் மதுரைக் கிளையே உத்தரவு போட்ட மரம், இன்னும் கம்மா உள்வாய் பூராம் நிக்குது. வெட்டிப் போட்ட காஞ்ச கிளை பாதையில கிடந்தா அதைவிட மோசம், பச்சை முள்ளு வளையும், காஞ்சது நேரா ஏறும்.

கள்ளிக்குடிக்குத் தெற்க ஒரு கம்மாக்கரையில பின்டயர் உக்காந்துருச்சு. வேப்ப மரத்தடியில வண்டியச் சாச்சு, சக்கரத்தைக் கழட்டி, ட்யூபை மாத்தி, காத்தடிச்சு, கிளம்பி அரை கிலோமீட்டர் போகல. திரும்பவும் உக்காந்துருச்சு. முதல் முள்ளு டயருக்குள்ளயே முனை ஒடிஞ்சு நின்னுருக்கு, நான் விரலால தடவிப் பாத்து இல்லேன்னு முடிவு பண்ணிட்டேன். தோட்டத்துக்காரப் பெரியவர் துண்டைக் கையில சுத்திக்கிட்டு டயர் உள்பக்கம் ஒரு சுத்து மெதுவா இழுத்தாரு. ஒரு இடத்துல நூல் பிடிச்சு இழுத்துச்சு. அங்க பாத்தா கடுகு அளவுக்குக் கறுப்பு முனை. வெளியிலருந்து பாத்தா எதுவும் தெரியல. குறடு வச்சு உள்பக்கமாவே இழுத்து எடுத்தாரு, முக்கால் இஞ்ச் வந்துச்சு.

அன்னையிலருந்து ஒரு பழைய வேட்டித் துணி டூல் பையில இருக்கு. விரலை விடக் காட்டன் துணி நல்லாக் கண்டுபிடிக்கும், விரலும் கிழியாது.

ஆகஸ்ட் 3, சாயங்காலம்

இன்னொண்ணு. ஸ்பேர் ட்யூப் ஒண்ணுதான் எடுத்துட்டுப் போக இடம் இருக்குன்னா 21 முன்சக்கர ட்யூபை எடுத்துக்க. பின்னாடி 18-லயும் அதை மடிப்பு விழாம பரத்தி உள்ள விட்டு வீடு வந்து சேந்துடலாம். 18 ட்யூபை முன்னாடி போட முடியாது. ஊர்ப் பஞ்சர் கடையில ஸ்ப்ளெண்டர் ட்யூப் இருக்கும், 21 இருக்கவே இருக்காது. ஸ்ப்ளெண்டர் ட்யூபை நம்ம 120 டயருக்குள்ள விட்டா பலூன் மாதிரி விரிஞ்சு மெலிஞ்சுரும், மெதுவா வீட்டுக்கு வர மட்டும்தான் ஆகும்.

ஆகஸ்ட் 4

பஞ்சர் அடைக்கிற திரவம் ஊத்தலாமான்னா, ட்யூப்லெஸ்ல நல்லா வேலை செய்யுது. ட்யூப்ல மெல்லிசு முள்ளுக்குத் தாங்கும், ஆணி ஏறி ட்யூப் கிழிஞ்சா நிக்காது. ஊத்தின ட்யூப்ல அப்புறம் பஞ்சர் ஒட்டவும் கஷ்டம், பசை பிடிக்க மாட்டேங்குது. நான் ஊத்துறதில்ல. கனமான ட்யூப் போடுறேன்.

செப்டம்பர் 21

டயர் மாத்தினதுல கிடைச்ச வித்தியாசத்தை விடக் காத்து குறைச்சதுல கிடைச்ச வித்தியாசம் எனக்குப் பெருசு. இதை முதல் நாளே சொல்லியிருக்கணும். மண்ணுல வண்டி தத்தளிக்குதுன்னு டயரைத் திட்டுறவங்கள்ல பாதிப் பேர் ரோட்டுக் காத்தோடயே மண்ணுல இறங்கினவங்க.

ரோட்டுல வண்டியில ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர்ல என்ன போட்டிருக்கோ அதுதான். காலையில வண்டிய எடுக்குறதுக்கு முன்னாடி, டயர் குளுந்திருக்கும்போது பாக்கணும். குழாய்ச் சுருள் ஏத்தினா, பின்னாடி ஆள் உக்காந்தா வைக்கச் சொல்லிப் போட்ட அளவு. மண்ணுல இறங்கி ஒண்ணு ரெண்டு கிலோமீட்டருக்கு மேல போகணும்னா காத்தை முன்னாடி 18 பிஎஸ்ஐ, பின்னாடி 20 பிஎஸ்ஐ-க்கு இறக்குவேன். தரையில படுற இடம் நீளமாகுது, கல்லு மேல ஏறுறப்ப துள்ளாம உக்காந்து ஏறுது. மணல்ல அமுங்குறதும் குறையும். ஆனா கூர்க்கல்லும் பாறையும் இருக்கிற இடத்துல 22-க்குக் கீழ போக மாட்டேன். ரிம் ட்யூபை நசுக்கி, பாம்பு கடிச்ச மாதிரி பக்கத்துல பக்கத்துல ரெண்டு ஓட்டை விழும். எனக்கு அரிட்டாபட்டி போற வழியில ஒரு சரளைப் பாதையில விழுந்திருக்கு. (அரிட்டாபட்டிக்குப் போறவங்க மலையடியிலயே வண்டிய நிறுத்திட்டு நடங்க. 2022-ல தமிழ்நாட்டோட முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமா அறிவிச்ச இடம், அங்க பாறையில டயர் தடம் வேண்டாம்.)

காத்தைக் குறைச்சா டயர் ரிம்முல மெதுவா நகரும், அது ட்யூபையும் சேத்து இழுக்கும். வால்வு சாஞ்சு நிக்கிறதைப் பாத்திருப்பீங்க. வால்வுல இருக்கிற அந்தச் சின்ன நட்டை ரிம்மோட சேத்து முறுக்காதீங்க, மேல ஏத்தி மூடிக்குப் பக்கத்துல விட்டுருங்க. வால்வு சாயிறது கண்ணுக்குத் தெரியும், அடியோட கிழியிறதுக்குள்ள சரி பண்ணிக்கலாம்.

திரும்பி ரோடு ஏறினதும் காத்தடிக்கணும். இதுல சோம்பல் கூடாது. பேட்டரியில ஓடுற சின்ன பம்ப் வச்சிருக்கேன், ரெண்டு டயருக்கும் ஒரு டீ குடிக்கிற நேரம்.

அக்டோபர் 19

ஜூலை 9-ல நான் எழுதின முதல் பதிலை யாரும் எடுத்துக்காதீங்க.

நேத்து சாயங்காலம் முதல் மழை. பழங்காநத்தம் ரவுண்டானா பக்கம் வர்றேன், வேகம் முப்பதுக்குள்ளதான். முன்னாடி ஒரு ஷேர் ஆட்டோ சட்டுன்னு ஓரம் கட்டினான். நான் லேசா இடது பக்கம் சாஞ்ச நிலையில முன்பிரேக் பிடிச்சேன், முன்சக்கரம் அந்த நேரம் ஜீப்ரா கோட்டு வெள்ளைப் பெயிண்ட் மேல. கைப்பிடி கையிலருந்து உருவிக்கிட்டு போன மாதிரி இருந்துச்சு. வண்டியும் நானும் தரையில. பிரேக் பிடிக்கிறப்ப சக்கரம் பூட்டிக்காம பாத்துக்கிற ஏபிஎஸ் முன்சக்கரத்துக்கு இருக்கு, நேரா போறப்ப உதவும். சாஞ்ச வண்டிய நம்ம வண்டி ஏபிஎஸ் பிடிச்சு நிறுத்தாது. முழங்கை தோல் போச்சு, முட்டிக்குப் பேட் போட்டிருந்ததால தப்பிச்சேன். பின்னாடி வந்த டவுன் பஸ் டிரைவர் நிறுத்திட்டாரு. அவருக்கு என் நன்றி இங்கயே.

வீட்டுக்கு வந்து முன்டயரைப் பாத்தேன். ஒவ்வொரு பட்டனும் ஒரு பக்கம் கூர்மையா, மறுபக்கம் சரிஞ்சு, ரம்பப் பல்லு மாதிரி. ரோட்டுல தினமும் பிரேக் பிடிச்சுப் பிடிச்சு அப்படித் தேஞ்சிருக்கு. தரையில படுற ரப்பரே கொஞ்சம், அதுலயும் பாதிதான் ஒழுங்காப் படுது. கொஞ்ச நாளா 60-க்கு மேல ஊளையிடுதே, பேரிங் போச்சுன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். பேரிங் நல்லாயிருக்கு, சத்தம் போட்டது டயர்.

அந்தப் பின்டயர் மொத்தமே 6,000 சொச்சம்தான் வந்துச்சு. அதுக்கு முன்னாடி போட்டிருந்த நடுத்தரப் பட்டன் 13,000 ஓடுச்சு.

அக்டோபர் 20

பெரிய பட்டன் டயரே தப்புன்னு நான் சொல்லல. நேத்து எழுதினது அப்படிப் படுதுன்னு ஒரு அண்ணன் சொல்றாரு. வாரம் பூரா காட்டுலயே இருக்கிற வண்டின்னா அதுதான் சரி. என் வண்டி தினமும் பழங்காநத்தம் தாண்டுற வண்டி. என் ஓட்டத்துல கஷ்டமான இடம் மண்ணுன்னு இத்தனை நாளா நினைச்சுக்கிட்டிருந்தேன். மண்ணுல விழுந்ததெல்லாம் பத்து கிலோமீட்டர் வேகத்துல, எந்திரிச்சு மண்ணைத் தட்டிக்கிட்டு வந்திருக்கேன். ஈர ரோட்டுல விழுந்தா பின்னாடி பஸ் வருது. டயரை எந்த இடத்துக்காகத் தேர்ந்தெடுக்கணும்னு எனக்கு நேத்துதான் புரிஞ்சுது.

நவம்பர் 2

"அப்ப கரிசலுக்கு என்ன பண்ணுவீங்க?" நல்ல கேள்வி. மழை பெஞ்ச கரிசலுக்கு எந்த டயரும் கிடையாது.

செம்மண்ணும் சரளையும் மழை பெஞ்சு வெறிச்சா ஓட்டுறதுக்கு அருமையா இருக்கும், மேலூர், கொட்டாம்பட்டிப் பக்கம் போனவங்களுக்குத் தெரியும். கரிசல் அப்படியில்ல. அந்தக் களிமண்ணு தண்ணியக் குடிச்சு உப்பும், பசை மாதிரி ஒட்டும். பட்டனுக்கு நடுவுல இருக்கிற பள்ளம் முதல் இருபது அடியிலயே ரொம்பிரும், அப்புறம் எந்த டயரும் மொட்டை டயர்தான். அதுக்கு மேல அடுக்கடுக்கா ஏறி மட்கார்டை முட்டி, சக்கரமே சுத்தாது. போன வாரம் பேரையூர்ப் பக்கம் முந்நூறு மீட்டர் போக ஒரு மணி நேரம். பனமட்டை ஒண்ணை ஒடிச்சு, சுரண்டி, பத்தடி தள்ளி, மறுபடி சுரண்டி. சுரண்டுற மண்ணு மட்டையிலயும் ஒட்டிக்கிட்டு விழ மாட்டேங்குது. செருப்பு ரெண்டும் ஆளுக்கு ரெண்டு கிலோ. தோட்டத்துக்காரம்மா வரப்புல நின்னு பாத்துட்டு, "ஏப்பா, வண்டிய ரோட்டுலயே விட்டுட்டு நடந்து வந்திருக்கலாமுல்ல?"ன்னாங்க. நடந்திருந்தா அஞ்சு நிமிஷம்.

இப்ப மழை பெஞ்சு மூணு நாள் வெயிலடிச்ச பிறகுதான் கரிசல்ல வண்டிய இறக்குறேன். அதுவரைக்கும் ரோட்டோரம் யார் வீட்டுலயாவது விட்டுட்டு நடை. மூணு நாள் காஞ்ச கரிசல் மேல நடுத்தரப் பட்டன் தாராளமாப் போகுது. ஐப்பசி, கார்த்திகை போக மிச்ச மாசத்துல அந்த மண்ணு சிமெண்டு மாதிரி கிடக்கும். ஆக பெரிய பட்டனால கரிசல்ல எனக்குக் கிடைச்ச லாபம்னு பாத்தா ஒண்ணுமே இல்ல.

நவம்பர் 3

மழை நேரம் கம்மாக்கரை மேல வண்டி ஓட்டாதீங்க. தயவு செஞ்சு. ஈரக்கரையில பட்டன் டயர் கீறுற தடத்துலதான் தண்ணி வடிஞ்சு பள்ளம் பறிக்கும், அப்புறம் அது உடைப்பு வரைக்கும் போகும். ஊர்க்காரங்க மறிச்சா சண்டை போடாம இறங்குங்க, அவங்க பக்கம்தான் நியாயம்.

நவம்பர் 18

முன்னாடி ஒரு மாதிரி, பின்னாடி ஒரு மாதிரி போடலாமான்னு தம்பி கேட்டிருக்காரு. போடலாம், நிறையப் பேர் போடுறாங்க. வழக்கமாச் சொல்ற நியாயம் இது: பின்சக்கரம் வழுக்கினா சமாளிச்சுரலாம், முன்சக்கரம் வழுக்கினா விழுந்தாச்சு. அதனால முன்னாடி பெரிய பட்டன், சீக்கிரம் தேயிற பின்னாடிக்கு நடுத்தரப் பட்டன். முழுசா மண்ணுல ஓட்டுறவங்களுக்கு அந்த நியாயம் சரி.

ஆனா அதே நியாயத்தை ஈர ரோட்டுல வச்சுப் பாத்தா தலைகீழா வருது. ரோட்டுல நிறுத்துறதே முன்சக்கரம்தான், அங்கதான் ரப்பர் நிறையப் படணும். எனக்கு வழுக்கினதும் முன்சக்கரம்தானே. நான் மூணு நாள் இதை மாத்தி மாத்தி யோசிச்சேன். கடைசியில முன்னாடியும் பின்னாடியும் ஒரே ஜோடி நடுத்தரப் பட்டன் போட்டேன், நடுவுல பட்டன் நெருக்கமா, ஓரத்துல இடைவெளி அதிகமா இருக்கிற ரகம். நேரா போறப்ப நடு தரையில படுது. மண்ணுல டயர் கொஞ்சம் அமுங்கினா ஓரப் பட்டன் வேலை செய்யுது. அதுலயும் முன்டயர் நடுவுல வெட்டு இல்லாம தொடர்ச்சியா ஒரு பட்டை ஓடுறதை எடுத்தேன். நேத்து மழையில பழங்காநத்தம் அதே கோடு மேல மெதுவா பிரேக் பிடிச்சுப் பாத்தேன். நின்னுச்சு.

டிசம்பர் 10

தம்பி டயர் வாங்கிட்டாரு. நான் போட்ட அதே ரகம். தேதி நம்பர் பாத்தாராம், இந்த வருஷத்துச் சரக்கு. நான் மதுரையில இருந்ததால கடைக்குப் போயிருந்தேன். நல்லவேளை. பின்டயரை அம்புக்குறிக்கு எதிரா மாட்டியிருந்தாங்க. "முன்டயர் பட்டன் வேற பக்கம் பாக்குது, அதுக்கு மேட்சா போட்டோம்"னாங்க. முன்டயர்ல பாரம் பிரேக்கால வருது, பின்டயர்ல இழுவையால வருது. அதனால ரெண்டு டயர்லயும் பட்டன் எதிரெதிரா பாக்குற மாதிரிதான் நிறைய ஜோடி இருக்கும். கண்ணுக்குப் பொருத்தமா இருக்கான்னு பாக்கக் கூடாது, ரெண்டுலயும் அம்பு சக்கரம் சுத்துற பக்கம் இருக்கான்னு பாக்கணும். சொன்னதும் கழட்டித் திருப்பிப் போட்டுக் கொடுத்துட்டாங்க.

தம்பி, முதல் 150 கிலோமீட்டருக்குச் சாய்க்காத, சட்டுன்னு பிரேக் அடிக்காத. புது டயர் மேல ஒரு வழுவழுப்பு இருக்கும், அது உரசிப் போகணும். அப்புறம் காத்தை ஒரு தடவை பாத்துரு.

மழை வெறிச்சு நாலு நாளாச்சுன்னா ஞாயித்துக்கிழமை மல்லப்புரத்துக்கு நானும் வர்றேன். பம்பும் 21 ட்யூபும் என்கிட்ட இருக்கு. நீ டயர் கழட்டுற லிவர் ரெண்டும் பழைய வேட்டித் துணியும் எடுத்துக்கிட்டு வா.